"சரி, இது கேபிக்கு": இஸ் அண்ணனின் 'ஃபேஸிங் ஃப்யூச்சர்' சிடி, முழுசாகக் கேட்ட பிறகு

பாட்டு தொடங்குவதற்கு முன்னால் ஒரு குரல் வரும். "ஓகே, திஸ் ஒன்ஸ் ஃபார் கேபி." சரி, இது கேபிக்கு. அவ்வளவுதான் சொல்கிறார். உடனே யூகலேலி, அதன்மேல் மெதுவாக ஒரு 'ஊ...', அப்புறம் உலகத்துக்கே தெரிந்த அந்த வானவில் பாட்டு, 'சம்வேர் ஓவர் த ரெயின்போ'. எனக்கு இது முதன்முதலில் வாட்ஸ்அப்பில்தான் வந்தது, யாரோ எடுத்த அருவி வீடியோவுக்குப் பின்னணியாக, முன்னால் இருக்கும் அந்த ஒரு வரியை வெட்டிவிட்டு. எட்டு ஒன்பது வருடம் அந்த வெட்டிய பாட்டைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். பாடுகிறவர் யார், எந்த ஊர், இருக்கிறாரா இல்லையா, எதுவும் தெரியாது. சிடியை வாங்கி, பதினாலாவதாக இருக்கும் அந்தப் பாட்டைப் போட்டபோதுதான் 'கேபிக்கு' என்று அவர் சொல்வது காதில் விழுந்தது. அன்றைக்கு ராத்திரி கேபி யார் என்று தேடிப் படித்ததில் தூக்கமே போய்விட்டது. அதனால்தான் இந்த சிடியைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். அந்த ஒரு பாட்டை மட்டும் தெரிந்தவர்கள் எல்லோரும் இதை முழுசாக, வரிசை மாற்றாமல் கேட்க வேண்டும் என்பது என் ஆசை.

பாடியவர் இஸ்ரேல் கமகாவிவோஓலே. பெயர் நீளமாக இருக்கிறதே என்று தயங்க வேண்டாம், ஹவாய்க்காரர்களே 'ப்ரடா இஸ்' என்றுதான் சொல்கிறார்கள், நம் வாய்க்கு இஸ் அண்ணன். ஆனாலும் அந்தக் குடும்பப் பெயரை ஒரு தடவை முழுசாகச் சொல்லிப் பாருங்கள். தமிழில் எழுதியிருப்பதை அப்படியே படித்தால் போதும், ஏறக்குறைய சரியாக வந்துவிடும். ஹவாய் மொழியில் எந்தச் சொல்லும் மெய்யெழுத்தில் முடியாது, குறில் நெடில் வித்தியாசம் உண்டு, 'எ'யும் 'ஏ'யும் 'ஒ'வும் 'ஓ'வும் தனித்தனி. நமக்கு இதெல்லாம் பழகிய விஷயம்தானே. அந்தப் பெயருக்கு அஞ்சாத கண், துணிந்த முகம் என்று பொருள் சொல்கிறார்கள். அதே மாதிரி யூகலேலி என்று நாம் ஆங்கிலத்தின் வழியாகச் சொல்கிறோம், அந்த மண்ணில் அது 'ஊகுலேலே'. ஊகு என்றால் தெள்ளுப்பூச்சி, லேலே என்றால் குதிப்பது. தந்திகளின்மேல் விரல் குதித்து ஓடுவதைப் பார்த்து வைத்த பெயர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை. ஹவாயின் கடைசி ராணி லிலியுவோகலானி அதையே வேறு விதமாகப் பிரித்து, இங்கே வந்து சேர்ந்த பரிசு என்று பொருள் சொன்னார். வந்து சேர்ந்தது என்பதும் சரிதான். 1879 ஆகஸ்டில் 'ரேவன்ஸ்க்ராக்' என்ற கப்பலில் மதேய்ரா தீவிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்கு வந்த போர்ச்சுகீசியர்கள் கொண்டுவந்த சின்ன கிதார்தான் இதன் தாய். அதே கப்பலில் வந்த தச்சர்கள் மூன்று பேர் ஹொனலூலுவில் கடை போட்டு, 'கோவா' என்ற உள்ளூர் மரத்தில் இதைச் செய்ய ஆரம்பித்தார்கள். பத்து வருடத்துக்குள் அரண்மனை விருந்துகளில்கூட வாசிக்கப்பட்டது. இப்போது அது ஹவாய் மக்களின் வாத்தியம், அதில் இரண்டாம் பேச்சுக்கு இடமில்லை.

இஸ் அண்ணன் 1959 மே 20 அன்று ஹொனலூலுவில் பிறந்தார். அப்பாவும் அம்மாவும் வைகீகியில் ஸ்டீம்போட்ஸ் என்ற மதுக்கூடத்தில் வேலை பார்த்தவர்கள். டான் ஹோ, பீட்டர் மூன் மாதிரி அன்றைய பெரிய பாடகர்கள் வந்துபோன இடம் அது. அம்மாவின் அண்ணன் தம்பிகளில் ஒருவரான மோ கேயாலேயும் பேர்பெற்ற யூகலேலிக் கலைஞர். அப்படி மாமா மடியிலும் மதுக்கூட மேடைக்குப் பக்கத்திலுமாகப் பாட்டு வந்து ஒட்டிக்கொண்டது. அப்புறம் குடும்பம் ஓவாஹு தீவின் மேற்குக் கரையில் இருக்கும் மாகஹாவுக்குக் குடிபெயர்ந்தது. அங்கேதான் அண்ணன் ஸ்கிப்பியோடும் நண்பர்களோடும் சேர்ந்து 'மாகஹா சன்ஸ் ஆஃப் நீஇஹாவ்' என்ற குழு உருவானது. முதல் ஆல்பம் 1976இல் வந்தது.

குழுவின் பெயரில் ஏன் நீஇஹாவ் வருகிறது என்று கேட்டால், அம்மாவின் வேர் அந்தத் தீவில். நீஇஹாவ் ஒரு சின்னத் தீவு, 1864இல் அரசரிடமிருந்து ஒரு குடும்பம் விலைக்கு வாங்கியது, இன்றுவரை அவர்களிடம்தான் இருக்கிறது, வெளியாட்கள் நினைத்தபடி போய்வர முடியாது. அப்படி ஒதுங்கிக் கிடந்ததாலேயே வீட்டிலும் தெருவிலும் ஹவாய் மொழி பேசுவது அங்கே நிற்கவே இல்லை. மற்ற தீவுகளில் நிலைமை வேறு. 1893இல் ராணியைக் கவிழ்த்தார்கள், 1896இல் பள்ளிகளில் ஆங்கிலம்தான் பயிற்றுமொழி என்று சட்டம் போட்டார்கள், அதற்கப்புறம் இரண்டு மூன்று தலைமுறை தாய்மொழி பேசாமலே வளர்ந்தது. 1978இல்தான் அரசியல் சட்டத்தைத் திருத்தி ஹவாய் மொழியை மறுபடி ஆட்சிமொழிகளில் ஒன்றாக ஆக்கினார்கள். அந்த வருடங்களில் ஊர்ப்பாட்டைத் தாய்மொழியில் பாடிக்கொண்டு வந்த இளைஞர்கள் இவர்கள் என்பதை மனதில் வைத்துக்கொண்டு இந்த சிடியைக் கேட்டால் காது வேறு மாதிரி திறக்கும்.

ஸ்கிப்பி 1982இல் மாரடைப்பில் இறந்துபோனார், முப்பது வயதைக்கூடத் தொடவில்லை. தம்பி இன்னும் பதினோரு வருடம் குழுவில் பாடினார், 1993இல் தனியாக வந்தார், அதே வருடம் நவம்பரில் 'ஃபேஸிங் ஃப்யூச்சர்' வந்தது. மவுண்டன் ஆப்பிள் கம்பெனி வெளியீடு, தயாரிப்பு ஜான் டி மெல்லோ. ராணியைக் கவிழ்த்து சரியாக நூறு வருடம் ஆன வருடம் 1993. அந்தக் கவிழ்ப்பில் அமெரிக்காவுக்கு இருந்த பங்குக்காக ஹவாய் மக்களிடம் மன்னிப்புக் கேட்கும் தீர்மானத்தில் கிளிண்டன் கையெழுத்துப் போட்டதும் அதே நவம்பரில்தான். எதிர்காலத்தை நோக்கி நின்று என்ற தலைப்பு சும்மா வைத்ததில்லை.

சரி, சிடிக்கு வருகிறேன்.

மொத்தம் பதினைந்து. முதலாவது 'ஹவாய் 78' பாட்டின் முன்னுரை, கடைசியாக வருவது அதே பாட்டு முழுசாக. நடுவில் பதிமூன்று. நான் முதலில் செய்த தப்பு, நேரே பதினாலாவதுக்குத் தாவியது. அடுத்த நாள் முதலிலிருந்து போட்டேன். முன்னுரையில் அவருடைய பேச்சுக் குரல் வருகிறது. பாடும்போது பஞ்சு மாதிரி இருக்கும் அந்தக் குரல் பேசும்போது வெறும் மாகஹா பையனின் குரல், கரும்புத் தோட்டங்களில் உருவான தீவுகளின் கலப்பு ஆங்கிலத்தில், அவசரமே இல்லாமல். இதைத் தள்ளிவிடாதீர்கள். இதைக் கேட்ட பிறகுதான் மற்ற பாட்டெல்லாம் ஒரு ஆள் நம்மிடம் சொல்வது மாதிரி ஆகிறது.

இரண்டாவது 'கா ஹுயிலா வாய்', நீர்ச்சக்கரம். மூன்றாவது 'அமா அமா', மடவை மீன். ஆமாம், மீனைப் பற்றி ஒரு பாட்டு. இந்த இரண்டும்தான் என்னை இந்த சிடிக்கு நிரந்தரமாகக் கட்டிப்போட்டவை. ஹவாய் ஊர்ப்பாட்டுகளில் இடப்பெயர், காற்றின் பெயர், மழையின் பெயர், மீன், பூ என்று வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு ஊர் மழைக்கும் தனிப் பெயர் வைத்திருக்கிற மக்கள் அவர்கள். மேலே ஒரு பொருள், உள்ளே இன்னொரு பொருள், அதற்கு அவர்கள் சொல்லும் பெயர் 'கவோனா', மறைபொருள். சங்கப் பாட்டின் உள்ளுறை படித்தவர்களுக்கு இது எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கும். பெரிய இசை ஏற்பாடு எதுவும் வேண்டாம், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பாடுவது போதும். இஸ் அண்ணனின் குரல் இந்தப் பாட்டுகளில் எங்கே உயரப் போகிறது, எங்கே சட்டென்று ஒடிந்து கள்ளக்குரலுக்குத் தாவுகிறது என்று கவனித்துக் கேளுங்கள். அந்த ஒடிவை மறைக்காமல் பாடுவது அங்கே ஒரு கலை, தெரிந்தே ஒடிக்கிறார்கள்.

'ஹெனெஹெனே கோஉ அகா' ஒன்பதாவது. உன் சிரிப்பு குலுங்குகிறது என்பது மாதிரி ஒரு அர்த்தம், இளம் ஜோடி ஒன்று ஊரைச் சுற்றுகிற பாட்டு. இதில் அவருடைய வலது கையைத்தான் கேட்க வேண்டும். நான் ஐந்து வருடமாக யூகலேலி வாசிக்கிறேன், இந்தப் பாட்டின் தாளத்தை மட்டும் தனியாக வைத்து இரண்டு மாதம் பழகினேன். அடி ஒன்றும் கஷ்டமில்லை, கீழே கீழே மேலே மேலே கீழே மேலே, பாடப்புத்தகத்தில் இருப்பதுதான். ஆனால் அவர் எந்த அடியிலும் முழு பலத்தைப் போடுவதில்லை. நகம் தந்தியைத் தொட்டுவிட்டு வந்துவிடுகிறது, ஓசையைவிட அந்தத் தொடுதல்தான் முன்னால் கேட்கிறது, அரிசி புடைக்கிற சத்தம் மாதிரி. அடிக்கு நடுவில் இருக்கிற இடைவெளியில் குரல் போய் உட்காருகிறது. குரலுக்கு இடம் விட்டு வாசிப்பது என்று எல்லோரும் சொல்வார்கள், எப்படி என்று எனக்குக் காட்டியது இந்த ஒரு பாட்டு.

'மாவி ஹவாயன் சப்பா மேன்' குழந்தைகளோடு கேட்க ஏற்றது. மாவி அந்தத் தீவுகளின் புராண நாயகன், கடலுக்கு அடியிலிருந்து தீவுகளைத் தூண்டில் போட்டு இழுத்தவன், அம்மா ஹீனா மரப்பட்டைத் துணியைக் காயவைக்கப் பகல் நேரம் போதவில்லை என்று சூரியனுக்கே சுருக்குப் போட்டவன். என் அக்கா மகனுக்கு இந்தக் கதையைச் சொல்லிவிட்டுத்தான் பாட்டைப் போட்டேன், இப்போது காரில் ஏறினாலே இதைத்தான் கேட்கிறான்.

குறை இல்லையா என்றால், இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். சில பாட்டுகளில் கீபோர்டும் தாளக்கருவிகளும் அந்தக் காலத்துப் பாணியில் பளபளவென்று பூசியிருக்கின்றன. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஹவாய் முழுக்க ரெகே கலந்த இசை ஓடிக்கொண்டிருந்தது, அதன் சாயலும் இருக்கிறது. அந்தக் குரலுக்குப் பக்கத்தில் இவ்வளவு சர்க்கரை தேவையில்லை என்பது என் எண்ணம். 'ஒயிட் சேண்டி பீச்' எனக்கு மிகவும் பிடித்த பாட்டு, ஆனால் அது பிடித்திருப்பது பாட்டுக்காகவும் குரலுக்காகவும்தான். ஊர்ப்பாட்டையும் வானொலிப் பாட்டையும் மாற்றி மாற்றி அடுக்கியிருப்பதால் முதல் தடவை கேட்கும்போது ஒரு சீராக இல்லாத மாதிரி தோன்றும். 'கன்ட்ரி ரோட்' பாட்டையும் முதலில் அந்தக் கணக்கில்தான் சேர்த்தேன், மேற்கு வர்ஜீனியா மலைப்பாட்டு இவருக்கு எதற்கு என்று. அப்புறம் வரியைக் காதுகொடுத்துக் கேட்டால், மேற்கு வர்ஜீனியாவை எடுத்துவிட்டு மேற்கு மாகஹா என்று போட்டிருக்கிறார், மலைக்குப் பதில் காஆலா மலை. காஆலா ஓவாஹுவிலேயே உயரமான மலை, 1,200 மீட்டருக்கும் மேல், அவர் வளர்ந்த ஊருக்குப் பின்னால்தான் நிற்கிறது. இன்னொருவர் பாட்டை எடுத்துத் தன் வீட்டு விலாசத்தை எழுதிவிட்டார். அது தெரிந்த பிறகு அந்தப் பாட்டை நான் தாண்டிப் போவதில்லை.

இப்போது பதினாலாவது.

இந்தப் பதிவு நடந்த கதை பலருக்குத் தெரியாது. 1988, ஹொனலூலுவில் ஒரு ஒலிப்பதிவுக் கூடம், விடியற்காலை மூன்று மணி. மிலன் பெர்டோசா என்ற ஒலிப்பதிவாளர் நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டுக் கடையைக் கட்டுகிற நேரம். இஸ்ரேலுக்கு இப்போதே ஒரு பாட்டுப் பதிவு செய்ய வேண்டுமாம் என்று போன் வருகிறது. பதினைந்து நிமிடத்தில் வந்தால் சரி என்கிறார் அவர். வந்து நிற்பவர் ஆறடிக்கு மேல் உயரம், பாரம் இருநூறு கிலோவுக்கும் எத்தனையோ மேல், கையில் சின்ன யூகலேலி. உட்கார வைக்கத் தாங்குகிற நாற்காலி கூடத்தில் இல்லை, காவலாளி எங்கிருந்தோ ஒரு பெரிய இரும்பு நாற்காலியைத் தேடிக் கொண்டுவந்து போடுகிறார். ஒலிவாங்கியை வைத்துவிட்டுப் பதிவை ஓடவிடுகிறார்கள். ஒரே தடவை. குரலும் யூகலேலியும் சேர்ந்தே பதிவானது, மேலே எதுவும் பூசவில்லை. முடித்ததும் எழுந்து போய்விட்டார். பெர்டோசா பிரதியைத் தனக்கும் வைத்துக்கொண்டார், ஐந்து வருடம் அது சும்மா கிடந்தது. 1993இல் இந்த ஆல்பத்தில் அவர் வேலை பார்த்தபோது அதை எடுத்து டி மெல்லோவுக்குப் போட்டுக் காட்டியதால்தான் இதில் சேர்ந்தது. அந்த விடியற்காலையில் அவர் கொஞ்சம் சோர்ந்து, நாளைக்கு வாருங்கள் என்று சொல்லியிருந்தால் இன்றைக்கு இந்தப் பாட்டே இல்லை. அவருக்கு நான் மனதார நன்றி சொல்கிறேன்.

வாசிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கோர்டுகள் ஒன்றும் கடினமில்லை. முதல் வரி சி, இ மைனர், எஃப், மறுபடி சி, பழகத் தொடங்கிய முதல் மாதத்திலேயே வந்துவிடும். கையில் வராதது வேறு. ஒவ்வொரு தடவையும் கட்டைவிரல் முதலில் ஒரு தந்தியை மட்டும் தட்டுகிறது, அப்புறம் மற்ற விரல்கள் எல்லாத் தந்தியையும் மீட்டுகின்றன. அந்த முதல் தட்டு மிருதங்கத்தின் தொப்பி மாதிரி பாட்டைத் தாங்குகிறது, ஒரே வாத்தியத்தில் தாளமும் சுதியும் இரண்டும் கிடைத்துவிடுகின்றன. ஹெட்போனில் கேட்டால் தட்டும் மீட்டும் பிரிந்து தெரியும். வரிகளை அவர் அப்படியே பாடவில்லை, சொல்லை மாற்றியிருக்கிறார், மெட்டையும் தன் போக்கில் வளைத்திருக்கிறார், வானவில் பாட்டிலிருந்து 'வாட் எ வொண்டர்ஃபுல் வேர்ல்ட்' என்ற இன்னொரு பாட்டுக்குள் நழுவிப் போய்த் திரும்பி வருகிறார். மூலப் பாட்டைத் தெரிந்தவர்கள் சிலர் இதைத் தவறு என்பார்கள். ராத்திரி மூன்று மணிக்கு மனதில் இருந்ததைப் பாடியிருக்கிறார், எனக்கு அது போதும்.

அப்புறம் அந்த கேபி. கேபி பாஹினூயி, ஹவாயின் தளர்தந்தி கிதாரின் பெரிய ஆசான், அதாவது கிதாரின் தந்திகளை வழக்கமான சுதியிலிருந்து தளர்த்தி வைத்து வாசிக்கும் அவர்களுடைய பாணி. பல வருடம் சாலை போடும் வேலை பார்த்துக்கொண்டே வாசித்தவர். வார இறுதியானால் வைமானலோவில் இருந்த அவர் வீட்டில் ஊர்க் கலைஞர்கள் எல்லாம் கூடிவிடுவார்கள், வெள்ளிக்கிழமை தொடங்கினால் ஞாயிறு வரை வாசிப்பு ஓயாது. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் ஹவாய் இசை மறுபடி தலைநிமிர்ந்ததற்கு அவர் ஒரு பெரிய காரணம். 1980இல் காலமானார். எட்டு வருடம் கழித்து, ஆள் இல்லாத கூடத்தில், யார் கேட்கப் போகிறார்கள் என்று தெரியாத ஒரு பதிவில், இந்தப் பையன் பாடுவதற்கு முன்னால் அந்தப் பெரியவரின் பெயரைச் சொல்கிறான். நம்மூரில் கச்சேரிக்கு உட்காருமுன் குருவை நினைத்துக்கொள்வார்களே, அதுதான் இது. அதைத்தான் வீடியோ போடுகிறவர்கள் முதல் வேலையாக வெட்டிவிடுகிறார்கள்.

பதினைந்தாவதாக 'ஹவாய் 78' முழுசாக வரும்போது அறையில் யாரும் பேசக்கூடாது என்று எங்கள் வீட்டில் சொல்லிவைத்திருக்கிறேன். தொடக்கத்தில் வருவது 1843இல் மூன்றாம் கமேஹமேஹா அரசர் சொன்ன வாக்கு, இப்போது அந்த மாநிலத்தின் முத்திரையில் இருக்கிறது. மண்ணின் உயிர் அறத்தால் நிலைத்திருக்கிறது என்று பொருள். அதன்பின் பாட்டு ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்கிறது. நம் அரசரும் அரசியும் ஒரு நாள் திரும்பி வந்து இந்தத் தீவுகளைப் பார்த்தால், போக்குவரத்து விளக்குகளையும் கட்டடங்களையும் பார்த்தால், அவர்கள் மனம் என்ன பாடுபடும்? இஸ் இதை உரத்துப் பாடவில்லை. குரலை அடக்கியே வைத்திருக்கிறார், மண்ணுக்காக அழு என்கிற இடத்தில் மட்டும் கொஞ்சம் மேலே போகிறது. வானவில் பாட்டை இதற்கு முன்னால் வைத்த கைக்கு நான் தலைவணங்குகிறேன். அந்த இனிமையிலிருந்து வெளியே வராமலே நேரே இந்தக் கேள்விக்குள் போய் விழுகிறோம்.

போன வருடம் அக்கா வீட்டுக்கு ஹொனலூலு போயிருந்தபோது, இரண்டாவது நாளே மேற்குக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னேன். அத்தான் கார் ஓட்டினார். வைகீகியிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல். ஹோட்டல்கள் முடிந்து, ஆலைகள் முடிந்து, மலை காய்ந்த நிறத்துக்கு மாறுகிறது, வையனாய் வருகிறது. அங்கே சமூக மையத்தில் இஸ் அண்ணனுக்கு வெண்கலச் சிலை 2003இல் வைத்திருக்கிறார்கள். கழுத்தில் புது மாலை கிடந்தது, பக்கத்து வீட்டு ஆன்ட்டி ஒருவர் போட்டது என்று அங்கே இருந்தவர் சொன்னார். அந்த ஊரில் முன்பின் தெரியாத பெரியவர்களையும் அங்கிள், ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுகிறார்கள், கேட்கவே நம்மூரில் இருக்கிற மாதிரி இருந்தது. மாகஹாவைத் தாண்டி இன்னும் போனால் மாகுவா கடற்கரை. ஹவாய் மொழியில் 'மகுவா' என்றால் பெற்றவர், முதல் எழுத்தை நீட்டி 'மாகுவா' என்றால் பெற்றோர், ஒரு நெடிலில் ஒருமை பன்மையாகிவிடுகிறது. ஒருபக்கம் கடல், எதிர்ப்பக்கம் கம்பிவேலி போட்ட பள்ளத்தாக்கு. இரண்டாம் உலகப் போரின்போது அங்கே குடியிருந்தவர்களை வெளியேற்றிவிட்டு ராணுவம் எடுத்துக்கொண்ட நிலம், பல பத்தாண்டுகள் குண்டு போட்டுப் பயிற்சி செய்த இடம். 'ஹவாய் 78' எதைப் பற்றிய பாட்டு என்பது அந்த வேலியைப் பார்த்தால் விளங்கிவிடும்.

அங்கேதான் அவருடைய சாம்பலைக் கரைத்தார்கள். 1997 ஜூன் 26, மூச்சுத்திணறலால் இறந்தார், வயது 38. உடல் பாரம் ஒரு கட்டத்தில் 343 கிலோ வரை போயிருக்கிறது, கடைசி வருடங்களில் மூக்கில் ஆக்சிஜன் குழாயோடுதான் மேடைக்கு வந்தார். அப்பா, அண்ணன் எல்லோரையும் இதே வழியில் சின்ன வயதிலேயே பறிகொடுத்த குடும்பம். ஜூலை 10 அன்று மாநிலம் முழுக்கக் கொடி அரைக்கம்பத்தில் பறந்தது, கோவா மரப்பெட்டியில் உடலை ஹொனலூலுவில் சட்டமன்றக் கட்டடத்தில் வைத்தார்கள். அரசுப் பதவி எதிலும் இல்லாத ஒரு பாட்டுக்காரருக்கு அந்த மரியாதை. ஏறக்குறைய பத்தாயிரம் பேர் வந்தார்கள். இரண்டு நாள் கழித்து மாகுவாவில் கட்டுமரங்களும் படகுகளும் சூழச் சாம்பல் கடலில் கலந்தது. யூடியூபில் நூறு கோடி தடவைக்கு மேல் பார்க்கப்பட்ட அந்த வானவில் வீடியோவின் கடைசியில் ஜனங்கள் தண்ணீரைக் கையால் அடித்து ஆரவாரம் செய்வது வருமே, அது அந்த நாள்தான். நான் அதைப் படப்பிடிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மாகுவாவில் இறங்கிக் கால் நனைத்தபோது, எதிரே தெரிந்த மலைவளைவு அந்த வீடியோவில் இருப்பதேதான் என்று தெரிந்தது. அக்கா எதுவும் பேசவில்லை, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

அவர் உயிரோடு இருந்தபோது இந்த ஆல்பம் தீவுகளுக்குள் மட்டும்தான் பெரிய வெற்றி. வெளியுலகம் கண்டுகொண்டது இறந்த பிறகு, விளம்பரங்கள், சினிமா, தொலைக்காட்சித் தொடர் வழியாக. 2005இல் அமெரிக்காவில் மட்டும் பத்து லட்சம் விற்று பிளாட்டினம் தொட்டது, ஹவாய் இசையில் அதைத் தொட்ட முதல் ஆல்பம் இதுதான். 2010இல் ஜெர்மனியில் அந்த ஒரு பாட்டு முதலிடத்துக்குப் போனது. 2021இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் சேர்த்தது.

வாங்குவதைப் பற்றி. நான் முதலில் இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் வாங்கியது பெட்டி விரிசலோடு வந்தது, சிடியிலும் கீறல், ஆறாவது பாட்டில் நின்று நின்று ஓடியது. திருப்பி அனுப்பிவிட்டேன், பணம் வர ஒரு மாதம் ஆனது. இப்போது வைத்திருப்பது ஹொனலூலுவில் ஒரு இசைக்கடையில் கையால் பிரித்துப் பார்த்து வாங்கியது. பழைய சிடி வாங்குகிறவர்கள் எத்தனை பாட்டு என்று பின் அட்டையில் எண்ணிவிட்டு வாங்குங்கள், பதினைந்து இருக்க வேண்டும். அவருடைய பாட்டுகளை வேறு வேறு ஆல்பங்களிலிருந்து பொறுக்கிப் போட்ட தொகுப்புகளும் கிடைக்கின்றன, அட்டையில் அதே முகம் இருப்பதால் குழப்பம் வரும். சிடி ஓட்டக் கருவி வீட்டில் இல்லாதவர்கள் ஆப்பில் கேட்டாலும் பரவாயில்லை, ஷஃபிளை மட்டும் அணைத்துவிடுங்கள். குழந்தைகள் தூங்கிய பிறகு, சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தே வைத்து, ஒரே மூச்சில் கேளுங்கள்.

ஐந்துக்கு நாலரை கொடுக்கிறேன். அந்த அரை கீபோர்டுக்காகக் குறைத்தது. ஊர்ப்பாட்டு மட்டும் போதும், வேறு பூச்சு வேண்டாம் என்கிறவர்கள் மாகஹா சன்ஸ் குழுவின் பழைய ஆல்பங்களுக்குப் போகலாம், நாலு குரல் சேர்ந்து வருகிற அந்த நிறைவு இதில் கிடைக்காது. குழுவோடு அவர் பாடிய கடைசி ஆல்பமான 1991இன் 'ஹோஓலுவானா'வுக்கு ஆர்டர் போட்டிருக்கிறேன், வந்ததும் அதையும் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.